சின்ன டிஜிட்டல் வீடியோ பங்கு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கையில் நிறைய ரொக்கம், கடன் கிடையாது, லாபமும் வருகிறது. ஆனால் பங்கு விலை தரையில் கிடக்கிறது. வாங்கலாமா?" சின்னத் தொழில்நுட்பக் கம்பெனிகளைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பொதுப்படையாகப் பதில் சொன்னால் யாருக்கும் உதவாது. அதனால் முடிந்துபோன ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன்: கலிபோர்னியாவில் இருந்த சிக்மா டிசைன்ஸ். முடிவு தெரிந்த கதை என்பதால் அன்றைக்குப் போட்ட கணக்கில் எது நின்றது, எது விழுந்தது என்று நிதானமாகப் பார்க்கலாம். பக்கத்தில் வைத்து ஒப்பிட சீசேஞ்ச், டிவ்எக்ஸ், விமியோ ஆகிய மூன்று வீடியோ கம்பெனிகளும் அங்கங்கே வரும். எந்தப் பங்கையும் வாங்கச் சொல்லியோ விற்கச் சொல்லியோ இதை எழுதவில்லை.

சிக்மா டிசைன்ஸ் என்ன செய்த கம்பெனி?

1982-ல் தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவரான தின் டிரான் பல ஆண்டுகள் தலைவராகவும் இருந்தார். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்க உதவும் ரீல்மேஜிக் கார்டு, பிறகு டிவிடி ஓட்டும் ஹாலிவுட் பிளஸ் கார்டு என்று போய்க்கொண்டிருந்தது. பெரிய பெயர் வந்தது 2005-க்குப் பிறகு. இன்டர்நெட் கம்பி வழியாக டிவி சேனல் தரும் ஐபிடிவி அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. சுருக்கி அனுப்பப்பட்ட வீடியோவை விரித்து, திரையில் மெனுவோடு சேர்த்துக் காட்டும் சிப்பை சிக்மா செய்தது. எஸ்எம்பி8630 என்ற அந்தக் குடும்பத்துச் சிப்கள் மைக்ரோசாஃப்டின் ஐபிடிவி மென்பொருளோடு ஒத்துப்போகும்படி ஆரம்பத்திலேயே தயாராக இருந்தன. அமெரிக்காவின் பெரிய டெலிபோன் கம்பெனியான ஏடி&டி 2006-ல் யு-வெர்ஸ் என்ற டிவி சேவையைத் தொடங்கியபோது அந்த செட்டாப் பாக்ஸ்களுக்குள் சிக்மா சிப் இருந்தது. பிரான்சில் ஃப்ரீ என்ற இன்டர்நெட் கம்பெனி தந்த ஃப்ரீபாக்ஸ் பெட்டியிலும் இருந்தது. வீட்டு ஹார்டு டிஸ்கில் படம் சேர்த்து வைத்துப் பார்க்கும் ஆர்வலர்கள் பாப்கார்ன் ஹவர் பெட்டியை நினைவு வைத்திருப்பார்கள். அதற்குள்ளும் இதே சிப்தான்.

சொந்தமாகத் தொழிற்சாலை கிடையாது. வடிவமைப்பு மட்டும் சிக்மாவுடையது, தயாரிப்பு வெளியில். இந்த மாதிரி கம்பெனிகளை ஃபேப்லெஸ் என்பார்கள்.

அது எப்போது, ஏன் மலிவாகத் தெரிந்தது?

2007 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் விற்பனை சுமார் 9 கோடி டாலர். அடுத்த ஆண்டில் சுமார் 22 கோடி. ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். பங்கு 2007 கடைசியில் 70 டாலரைத் தாண்டியது. பிறகு 2008 வந்தது. அந்த ஆண்டு விற்பனை பெரிதாக விழவில்லை, சுமார் 21 கோடியில் நின்றது. லாபமும் இருந்தது, கடனும் இல்லை. ஆனால் வளர்ச்சி நின்றுவிட்டது. அதோடு உலகமே நிதி நெருக்கடியில் மாட்டிக்கொண்டது. ஓராண்டுக்குள் பங்கு 10 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

70-க்குப் போன பங்கு 10-க்குக் கிடைத்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? ஆனால் 70 என்ற எண்ணை மறந்துவிட்டுத்தான் மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும். அது ஒரு காலத்தில் சிலர் கொடுத்த விலை, அவ்வளவே. கம்பெனியின் மதிப்பு என்ன என்பதற்கு அந்த எண்ணில் எந்தத் தகவலும் கிடையாது.

ரொக்கத்தைக் கழித்துப் பார்ப்பது என்கிறார்களே, அது எப்படி?

புரிவதற்காக ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துக் கணக்குப் போடுவோம். பங்கு விலை 10 டாலர், மொத்தம் 3 கோடிப் பங்குகள். அப்படியானால் சந்தை மதிப்பு 30 கோடி டாலர். வங்கியிலும் கடன்பத்திரங்களிலுமாக ரொக்கம் 20 கோடி, கடன் இல்லை. ரொக்கத்தைக் கழித்தால் தொழிலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை 10 கோடி. ஆண்டு லாபம் 2.5 கோடி என்றால், நாலே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். சாதாரணமாகப் பன்னிரண்டு, பதினைந்து வருட லாபத்தைக் கொடுத்து வாங்கும் இடத்தில் இது நாலு வருடம். நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்யும்.

இப்போது அதே கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கைத் திறப்போம். விற்பனை 20 கோடி. சிப் தயாரிக்க ஆகும் செலவு போக மிச்சம் பாதி, அதாவது 10 கோடி. ஆராய்ச்சிக்கு 5 கோடி, விற்பனை, நிர்வாகம் எல்லாவற்றுக்கும் 2.5 கோடி. ஆக லாபம் 2.5 கோடி. சரி, விற்பனை 12 கோடிக்கு இறங்கினால் என்ன ஆகும்? மிச்சம் 6 கோடி. ஆராய்ச்சியும் நிர்வாகமும் அதே 7.5 கோடி. 1.5 கோடி நஷ்டம். விற்பனை விழும்போது விலையையும் குறைத்துத்தான் விற்க வேண்டியிருக்கும். பாதி மிஞ்சிய இடத்தில் 45 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்றால் நஷ்டம் 2.1 கோடி. இரண்டு வருடம் அப்படி ஓடினால் 20 கோடி ரொக்கத்தில் 4 கோடிக்கு மேல் கரைந்திருக்கும்.

முதல் கணக்கு ஒரு நாளின் புகைப்படம். இரண்டாவது கணக்கைப் போடாதவர் மலிவு என்ற சொல்லை உபயோகிக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் அந்த ரொக்கம் பங்குதாரர்களின் பணம்தானே?

சட்டப்படி பார்த்தால் கம்பெனியின் பணம். கடன்காரர்கள் போக மிச்சமிருந்தால் உங்களுக்கு. நடைமுறையில் அது உங்கள் கைக்கு வர மூன்று வழிதான் உண்டு. டிவிடெண்டாக வரலாம். கம்பெனி தன் பங்கைத் தானே திரும்ப வாங்கலாம். அல்லது கம்பெனியையே யாரோ வாங்கலாம், இல்லையென்றால் கலைத்துவிடலாம். இந்த மூன்றில் ஒன்று நடக்கும் வரை, அந்தப் பணத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் நீங்கள் இல்லை. அதை நிர்வாகம்தான் முடிவு செய்யும்.

சிக்மாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2009 நவம்பரில் இஸ்ரேலைச் சேர்ந்த காப்பர்கேட் என்ற கம்பெனியை வாங்கினார்கள். 10 கோடி டாலருக்கும் மேல் ரொக்கம், அதோடு கொஞ்சம் புதிய பங்குகளும் கொடுத்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் டெலிபோன் கம்பி, கேபிள் கம்பி வழியாகவே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வீடியோவைக் கொண்டுபோகும் சிப் செய்தது காப்பர்கேட். யு-வெர்ஸ் வீடுகளில் அது உபயோகத்தில் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் அழகான பொருத்தம்: ஒரே வாடிக்கையாளரின் பெட்டிக்குள் இரண்டு சிப் விற்கலாம். 2011 ஜனவரியில் முடிந்த ஆண்டில் விற்பனை 29 கோடியை நெருங்கியபோது அந்த முடிவு சரி என்றே தோன்றியது. அடுத்த ஆண்டே விற்பனை 18 கோடியாக விழுந்தது. வாங்கிய கம்பெனிகளுக்குக் கொடுத்த விலையில் பெரும் பகுதியைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ள வேண்டிவந்தது.

இந்த இடத்தில் நிர்வாகத்தைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அவர்களுக்கு இருந்தது ஒரே பெரிய பொருள், அதன் வளர்ச்சி நின்றுவிட்டது, பின்னால் பிராட்காம் மாதிரி பெரிய சிப் கம்பெனி வந்துகொண்டிருக்கிறது. பணத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சாகத் தயார் என்று எந்த நிறுவனரும் சொல்ல மாட்டார். ரொக்கம் இருந்தால் அடுத்த சண்டைக்கு அதைச் செலவழிப்பார். இந்தத் துறையில் ரொக்கத்தைப் பார்க்கும்போது, அதைப் போருக்கு ஒதுக்கிய தானியமாகத்தான் நான் கணக்கில் எடுக்கிறேன். அதில் எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டு, முழு 20 கோடிக்குப் பதில் 10 கோடியை எழுதிப் பார்க்கிறேன். அப்போதும் மலிவாக இருந்தால் மேற்கொண்டு படிக்கிறேன்.

ஆராய்ச்சிச் செலவைக் குறைத்தால் லாபம் கூடுமே?

ஒன்றிரண்டு வருடத்துக்குக் கூடும். அதற்குப் பிறகு விற்கப் பொருள் இருக்காது.

டிஜிட்டல் வீடியோவின் தனிக் குணம் இது. வீடியோவைச் சுருக்கும் தரநிலை மாறிக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் எம்பெக்-2 வந்தது, டிவிடி அதில்தான் ஓடியது. 2003-ல் எச்.264. 2013-ல் எச்இவிசி. 2018-ல் ஏவி1. ஒவ்வொரு முறையும் பழைய சிப் புதிய வீடியோவை விரிக்கத் திணறும். புதிதாக வடிவமைக்க வேண்டும், அதையும் முந்தைய தலைமுறையை விட நுணுக்கமான உற்பத்தி முறையில் செய்ய வேண்டும். அதன் அச்சு செய்யும் செலவு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறும். சிக்மாவுக்கு எச்.264 மாற்றம்தான் வாழ்வு கொடுத்தது. மற்றவர்கள் தயாராகும் முன் தயாராக இருந்தார்கள். அதே மாதிரி அடுத்த மாற்றத்தில் வேறு யாராவது முந்தலாம்.

பிராட்காம் போன்ற பெரிய கம்பெனிக்கு இந்த ஆராய்ச்சிச் செலவு பத்துப் பொருள்களில் பங்கு பிரியும். சின்னக் கம்பெனிக்கு முழுச் சுமையும் ஒன்றின் மேல். அதனால் ஆராய்ச்சிச் செலவை விற்பனையின் சதவீதமாக மட்டும் பார்க்காமல், போட்டியாளர் போடும் மொத்தத் தொகையோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் கம்பெனி விற்பனையில் 30 சதவீதத்தை ஆராய்ச்சிக்குப் போட்டாலும், எதிரி அதைப் போல் பல மடங்கு தொகை போட்டுக்கொண்டிருக்கலாம்.

விற்பனை ஒரே வருடத்தில் இரண்டு மடங்கானதே, அது வளர்ச்சி இல்லையா?

அது ஒரு அலை. ஒரு டெலிபோன் கம்பெனி புதிய டிவி சேவை தொடங்கும்போது லட்சக்கணக்கில் பெட்டி வாங்கும். ஒரு வீட்டுக்கு ஒன்றுக்கு மேலும் வைக்கும். இடையில் பெட்டி செய்பவர், விநியோகிப்பவர் எல்லோரும் தங்கள் கிடங்கில் கொஞ்சம் நிரப்பி வைப்பார்கள். இந்த நிரப்பலும் விற்பனையாகவே கணக்கில் ஏறும். வீடுகளில் பெட்டி வைத்து முடிந்ததும் தேவை, புதிதாகச் சேர்பவர்களுக்கும் பழுதானதற்கு மாற்றாகவும் என்று சுருங்கிவிடும். சிமென்ட் கம்பெனி அணை கட்டும் வருடத்தில் விற்றதைப் பார்த்து அடுத்த பத்து வருடத்தைக் கணக்கிட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

அதனால் சிப் விற்பனையை மட்டும் பார்க்காதீர்கள். கடைசியில் வாங்குபவரின் சந்தாதாரர் எண்ணிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெலிபோன் கம்பெனிகள் அதைக் காலாண்டுதோறும் வெளியிடுவார்கள். சந்தாதாரர் கூடுவதை விட வேகமாக சிப் விற்பனை கூடினால், எங்கோ கிடங்கு நிரம்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து?

மலிவாகத் தெரியும் சின்ன வீடியோ கம்பெனியில் நான் முதலில் தேடிப் படிப்பது இதைத்தான். அமெரிக்கக் கணக்கு விதிப்படி, விற்பனையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். 10-கே என்ற ஆண்டறிக்கையின் பின்பகுதிக் குறிப்புகளில் அது இருக்கும். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பின் எட்கார் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

ஆனால் அந்த அட்டவணையில் ஒரு பொறி உண்டு. அதில் இருப்பது பில் யார் பெயரில் போனது என்பது மட்டும். சிக்மாவின் சிப்பை வாங்கியது மோட்டரோலா, சிஸ்கோ போன்ற பெட்டி செய்பவர்களும் விநியோகஸ்தர்களும். பட்டியலைப் பார்த்தால் நாலைந்து பேர் இருக்கிறார்களே என்று ஆறுதலாக இருக்கும். அவர்களில் சிலருக்குப் பின்னால் நின்றது ஒரே ஏடி&டி. அந்த ஏடி&டிக்கும் பின்னால் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் எந்தெந்தச் சிப்பில் ஓடும் என்ற கேள்வி நின்றது. வேறு சிப்களிலும் அது ஓடத் தொடங்கியதும் சிக்மாவின் பிடி தளர்ந்தது. பிறகு 2015-ல் ஏடி&டி டைரக்டிவியை வாங்கி, புதிய வாடிக்கையாளர்களை சாட்டிலைட் பக்கம் திருப்பியது. யு-வெர்ஸ் பெட்டிக்குத் தேவையே வற்றியது. சிக்மாவின் பொறியாளர்கள் எவ்வளவு நல்ல சிப் செய்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

சீசேஞ்சின் கதையும் இதே வழிதான். மாசசூசெட்ஸ் மாநிலக் கம்பெனி, 1993-ல் தொடங்கியது. கேபிள் டிவியில் கேட்ட நேரத்தில் படம் போடும் சர்வரும் மென்பொருளும் அதன் தொழில். காம்காஸ்ட், பிறகு லிபர்ட்டி குளோபல் என்று கேபிள் ராட்சதர்களை வைத்தே பிழைத்தது. அதுவும் நெடுங்காலம் ரொக்கம் நிறைந்த, கடனில்லாத, மலிவான பங்காகவே இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2007-ல் ஸ்ட்ரீமிங் தொடங்கியது. அதன் பிறகு மக்கள் படம் பார்க்கும் வழி கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 2021 டிசம்பரில் ட்ரில்லர் என்ற கம்பெனியோடு இணைவதாக அறிவித்தார்கள், 2022-ல் அது கைவிடப்பட்டது. 2023-ல் நாஸ்டாக் பங்குச் சந்தையின் பட்டியலிலிருந்தே விலகிக்கொண்டார்கள்.

இருப்பு நிலைக் குறிப்பில் எந்த வரியை முதலில் பார்ப்பது?

ரொக்கத்துக்கு அடுத்து, சரக்கு இருப்பு. விற்பனை விழுவதற்கு ஒன்றிரண்டு காலாண்டு முன்பே அது வீங்க ஆரம்பிக்கும். அடுத்து வரவேண்டிய பாக்கி. விற்பனை அப்படியே இருந்து பாக்கி மட்டும் ஏறினால், காலாண்டு முடியும் கடைசி வாரத்தில் சரக்கைத் தள்ளியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சிப் தொழிலில் பழைய சரக்குக்கு விலையே கிடையாது. அரிசி மூட்டை மாதிரி நாளைக்கு விற்றுவிடலாம் என்ற பேச்சு இங்கே எடுபடாது.

அப்புறம், இருப்பு நிலைக் குறிப்பில் வராத ஒன்று: தொழிற்சாலையிடம் இவ்வளவு சிப் வாங்குவதாகக் கொடுத்திருக்கும் வாக்கு. அது குறிப்புகளில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தத் தொகையையும் ரொக்கத்திலிருந்து கழித்துப் பாருங்கள்.

ஊழியர்களுக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஆப்ஷனைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

கட்டாயம். ஸ்டாக் ஆப்ஷன் என்பது, முன்பே குறித்த விலைக்குக் கம்பெனியின் பங்கை வாங்க ஊழியருக்குக் கொடுக்கும் உரிமை. நம் கற்பனைக் கம்பெனியில் 3 கோடிப் பங்கோடு 40 லட்சம் ஆப்ஷனும் நிலுவையில் இருந்தால், கேக்கில் உங்கள் துண்டு சிறுத்துவிடும். ஆப்ஷன் செலவைச் சேர்க்காத லாபத்தைத் தலைப்பில் போடும் கம்பெனிகள் நிறைய. அந்த எண்ணை விட்டுவிட்டு, எல்லாச் செலவும் போன எண்ணைப் பாருங்கள்.

நிர்வாகத்தின் நடத்தையை அளக்கவும் இது உதவும். அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பெனிகள் பலவற்றில் ஆப்ஷன்களுக்கு, பங்கு விலை குறைவாக இருந்த முந்தைய நாளைத் தேதியாகப் போட்ட விவகாரம் 2006-ல் வெளிவந்தது. சிக்மாவும் பழைய கணக்குகளைத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது. பங்கு 70 டாலருக்கு ஏறியபோது அதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. மலிவான நேரத்தில் வாங்க நினைப்பவராவது நினைவு வைத்திருக்க வேண்டும். ரொக்கத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதானே இங்கே முக்கியக் கேள்வி.

நிர்வாகத்தோடு மோதும் பெரிய முதலீட்டாளர் உள்ளே வந்தால் நல்லதா?

பெரும்பாலும் நல்லது, ஆனால் தாமதமாக வருவார்கள். சிக்மாவில் 2012-ல் பொடோமாக் கேபிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் இயக்குநர் குழுத் தேர்தலில் தன் ஆட்களை நிறுத்தி இடம் பிடித்தது. காப்பர்கேட்டுக்குக் கொடுத்த பணம் அதற்கு முன்பே போய்விட்டது. அவர்கள் வந்த பிறகும் பங்குதாரர்கள் இன்னும் ஐந்தாறு வருடம் காத்திருந்தார்கள். அதே 2012-ல் திவாலான ட்ரைடென்ட் கம்பெனியிடமிருந்து டிஜிட்டல் டிவி சிப் பிரிவையும் சிக்மா வாங்கியிருந்தது. ஆகவே வீடியோவுக்குள் இன்னும் ஆழமாகத்தான் போனார்கள்.

கடைசியில் என்ன ஆனது?

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி இதுதான். 2008 டிசம்பரில், பங்கு அடிமட்டத்தில் கிடந்த அதே வேளையில், டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்சிஸ் என்ற சின்னக் கம்பெனியை சிக்மா வாங்கியது. வீட்டில் விளக்கு, கதவுப் பூட்டு, தெர்மோஸ்டாட் போன்றவை குறைந்த மின்சாரத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் இசட்-வேவ் என்ற ரேடியோ நுட்பம் அதனுடையது. வீடியோவுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை. அன்றைக்கு சிக்மாவை எடைபோட்டவர்கள் செட்டாப் பாக்ஸ் எண்ணிக்கையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

2017 டிசம்பரில் சிலிக்கான் லேப்ஸ் என்ற சிப் கம்பெனி முழுக் கம்பெனியையும் பங்குக்கு 7.05 டாலர், மொத்தம் சுமார் 28.2 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அவர்களுக்கு வேண்டியது இசட்-வேவ் மட்டும். செட்டாப் பாக்ஸ், ஸ்மார்ட் டிவி தொழில்களை முன்னதாகவே விற்றோ மூடியோ முடித்துவிட வேண்டும், கையில் குறிப்பிட்ட அளவு ரொக்கம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அது நிறைவேறாவிட்டால் இசட்-வேவை மட்டும் 24 கோடிக்கு வாங்குவது என்று மாற்று ஏற்பாடு. அந்த மாற்று ஏற்பாடுதான் நடந்தது, 2018 ஏப்ரலில் முடிந்தது. பிறகு மிச்சக் கம்பெனியைக் கலைத்து, பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். பல வருடம் வீடியோவுக்காக உழைத்த கம்பெனியில், வாங்க வந்தவர் வீடியோவை அகற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். 2008 கடைசியில் சுமார் 10 டாலருக்கு வாங்கி ஒன்பது வருடம் பொறுமையாக வைத்திருந்தவர் பார்த்தது, கடைசியில் அப்படியே நடக்காமல்போன 7.05 என்ற விலை. அதே காலத்தில் அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் பங்குகளை அளக்கும் எஸ்&பி 500 குறியீடு 903-லிருந்து 2,673-க்குப் போனது. பொறுமைக்குப் பலன் உண்டு என்று பங்குச் சந்தையில் எல்லோரும் சொல்வார்கள். ரொக்கம் கரையும் கம்பெனியில் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் நமக்கு எதிராகத்தான் ஓடுகிறது.

மறைந்திருக்கும் சொத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

2008-ல் முடியாது என்றே நினைக்கிறேன். வீட்டு ஆட்டோமேஷன் அப்போது வெறும் பேச்சு. 2014-க்குப் பிறகு முடிந்திருக்கும். அந்த ஆண்டில் கூகுள் நெஸ்டை 320 கோடி டாலருக்கு வாங்கியது, வீட்டுச் சாதனங்களின் மேல் எல்லோருக்கும் கண் விழுந்தது. அந்த நேரத்தில் சிக்மாவின் அறிக்கையைப் பிரிவு பிரிவாகப் படித்து, இசட்-வேவைத் தனிக் கம்பெனியாக எடைபோட்டு, வீடியோவுக்குச் சைபர் போட்டுப் பார்த்தவருக்குக் கணக்கு கொஞ்சமாவது கைகூடியிருக்கும். ஆகவே மலிவான பங்கை எடைபோடும்போது கம்பெனியைத் துண்டுகளாக வெட்டிப் பாருங்கள். முக்கியத் தொழில் சைபர் என்றால் மிச்சம் என்ன தேறும் என்று ஒரு தடவை எழுதிப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

அப்படியானால் மலிவாக வாங்கி ஜெயித்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். டிவ்எக்ஸ் 2006 செப்டம்பரில் பங்குக்கு 16 டாலர் என்று சந்தைக்கு வந்த சான் டியேகோ கம்பெனி. வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் அதனுடையது. டிவிடி பிளேயர், டிவி செய்பவர்கள் அந்த லோகோவைப் போட்டுக்கொள்ள ராயல்டி கட்டினார்கள். சிப் கம்பெனியைப் போல் கிடங்கில் சரக்கு கிடையாது, தொழிற்சாலைக்குக் கொடுத்த வாக்கு கிடையாது. விற்பனையில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சும். நெருக்கடி காலத்தில் பங்கு நன்றாக அடிவாங்கியது. கையில் ரொக்கம் இருந்தது. 2010-ல் சோனிக் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி டிவ்எக்ஸின் ஒரு பங்குக்கு 3.75 டாலர் ரொக்கமும் 0.514 சோனிக் பங்கும் கொடுத்து வாங்கியது, மொத்தம் 32 கோடி டாலருக்குச் சற்று மேல். சில மாதத்திலேயே சோனிக்கை ரோவி வாங்க முன்வந்ததில் அந்தச் சோனிக் பங்குகளும் ஏறின. ஆனால் டிவ்எக்ஸ் 2015-ல் நியூலயன் கைக்குப் போனபோது விலை 6.25 கோடி டாலர்தான். அந்தத் தொழிலுக்கும் ஆயுள் குறைவாகவே இருந்தது. 2010-ல் பங்குதாரராக இருந்தவர் பிழைத்ததற்குக் காரணம், ரொக்கம் கரைவதற்குள் வாங்க ஆள் வந்ததுதான்.

இணையத்தில் வீடியோ ஏற்றிப் பகிர உதவும் விமியோ இன்னும் சமீபத்தியது. 2021 மே மாதம் ஐஏசி குழுமத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. கொரோனா கால உற்சாகம் வடிந்ததும் 2023-ல் 4 டாலருக்கும் கீழே வந்தது. அங்கும் ரொக்கம் இருந்தது, கடன் இல்லை. வித்தியாசம் என்னவென்றால் வருமானம் சந்தாவாக, பல லட்சம் சின்ன வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. ஒரு ஏடி&டி மனம் மாறினால் எல்லாம் போய்விடும் என்ற நிலை இல்லை. 2025 செப்டம்பரில் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் பங்குக்கு 7.85 டாலர், மொத்தம் சுமார் 138 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

சிக்மாவையும் விமியோவையும் அடுத்தடுத்து வைத்தால், ரொக்கம், கடன், விலை மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால்தான் இரண்டும் வேறு வேறு என்று தெரிகிறது.

எப்போது விற்பது?

வாங்கும் நாளிலேயே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்: எந்தச் செய்தி வந்தால் என் கணக்கு தப்பு என்று ஒப்புக்கொள்வேன்? சிக்மாவுக்கு என்றால் நான் இரண்டு எழுதியிருப்பேன். ரொக்கத்தில் பாதிக்கு மேல் ஒரே கொள்முதலுக்குப் போவது ஒன்று, முக்கிய வாடிக்கையாளரின் அடுத்த தலைமுறைப் பெட்டியில் வேறு சிப் வருவது இன்னொன்று. விலை எவ்வளவு இறங்கினால் விற்பது என்று எழுதுவதை விட இது உதவும். சின்னப் பங்குகள் காரணமே இல்லாமல் 30 சதவீதம் ஆடும்.

மொத்தச் சேமிப்பில் எவ்வளவு போடலாம்?

முழுதாகப் போனாலும் வீட்டுச் செலவு நிற்காத அளவு. என் கணக்கில் ஒரு கம்பெனிக்கு 2 சதவீதத்துக்கு மேல் போக மாட்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து இந்த மாதிரி அமெரிக்கப் பங்கு வாங்க முடியுமா?

முடியும். ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். டிவிடெண்ட் வந்தால் அமெரிக்கா 25 சதவீதம் வரி பிடித்துக்கொள்ளும், அதை இங்கே வருமான வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் இந்தப் பங்கைக் காட்டியாக வேண்டும், ஒரே பங்கு வைத்திருந்தாலும். சிக்மா, சீசேஞ்ச் மாதிரி பட்டியலிலிருந்து வெளியேறும் கம்பெனியில் மாட்டிக்கொண்டால் செயலி வழியாக விற்பது சிரமமாகிவிடும். அதனால் கணக்குத் திறக்கும் முன்பே, பட்டியலிலிருந்து நீங்கிய பங்கை எப்படி விற்பது, கலைப்புப் பணம் வந்தால் எப்படிக் கைக்கு வரும் என்று தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.